பச்சை பார்த்து வாங்கிய விளக்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து இது எங்கள் வீட்டுச் சமாச்சாரம் என்று என்னோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

போன வருடம் உத்தமபாளையத்தில் ஒரு வங்கி அதிகாரி மாற்றலாகிப் போனார். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தவர். தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு மீன் வளர்க்கும் பழக்கம் உண்டு. காசைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் என்று என் மனைவி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

அவர் விளக்கைப் போட்டுக் காட்டினார். அறையே வெளுத்துப்போனது. நன்றாகப் பளிச்சென்று இருக்கிறதே என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“பளிச்சுன்னுதான் சார் இருக்கும். நம்ம கண்ணுக்கு இது இன்னும் ரொம்ப நாளைக்குப் பளிச்சுன்னுதான் தெரியும். பவளத்துக்கு இது போன வருஷமே இருட்டிப்போச்சு.”

விற்க வந்தவர் இப்படிச் சொல்வாரா என்று கேட்காதீர்கள். சொன்னார். நான் விளக்கை வாங்காமல் அந்தப் பேச்சை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சின்னமனூர் வருவதற்குள் ஒரு கதை எழுதலாம் என்று தோன்றிவிட்டது. எனக்குப் பஸ்ஸில் தோன்றுகிற கதைகள் பெரும்பாலும் வீடு வந்து சேர்வதில்லை. இது எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதை இந்தக் காலத்தில் வைத்து எழுத முடியாது. இப்போது வெளிச்சத்தை அளக்கக் கருவி வந்துவிட்டது. விளக்கின் கீழே பிடித்தால் குட்டு உடைந்துவிடும். எனக்குத் தன் கண்ணை மட்டுமே நம்பி ஒரு பழைய விளக்கை வாங்குகிற ஆள் வேண்டும். அந்தக் கண்ணும் சாதாரணக் கண்ணாக இருக்கக் கூடாது. அதனால் 1986-ஆம் வருடத்துப் போடிநாயக்கனூருக்குப் போனேன். அங்கே ஏலக்காய் வியாபாரிகள் இருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“போடிக்குக் கடல் வந்தது ஒரு மார்கழிக் காலையில், கருவாட்டு லாரியில்—”

[அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே கைதட்டலுக்கு நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் தகவல் சரி. லாரி பிறகு வரும்.]

இரண்டாவது தொடக்கம்:

“மகள் சுகிர்தம் செத்துப்போன பிறகு அவள் வளர்த்த அந்த ஒற்றை உயிரை ஞானசிகாமணி—”

[இதையும் அடித்துவிட்டேன். முதல் வரைவில் பாவம் அந்தப் பெண் மூன்று பக்கம் செத்துத்தான் கிடந்தாள். எழுத எழுத எனக்கே கண்ணீர் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செத்த மகளுக்காக அழுவது எந்தத் தகப்பனுக்கும் முடியும். உயிரோடு ராமேசுவரத்துப் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் இருக்கிற மகளோடு பேசத்தான் இந்த மனிதருக்கு முடியவில்லை. அதுதான் கதை. ஆகவே சுகிர்தத்தை எழுப்பி உட்கார வைத்துவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் ஒன்றும் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஞானசிகாமணிக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. கிறிஸ்தவ சபையில் மூப்பர். ஏலக்காயில் அவருக்குப் பச்சை பார்க்கத் தெரியும். ஏலக்காயின் விலையே அதன் பச்சையில்தான் இருக்கிறது. காயை உலர்த்துகிற புகைக் கூடத்தில் சூடு கூடினால் பச்சை பழுப்பாகும், காயாமல் மூட்டை கட்டினால் வெளிறும். மலையிலிருந்து வருகிற சரக்கில் ஒரு கை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார். பகல் வெளிச்சத்தில் உள்ளங்கையை ஒருமுறை குலுக்குவார். எந்தத் தோட்டம், எத்தனையாவது பறிப்பு, எந்தப் புகைக் கூடம் என்று சொல்லிவிடுவார். விளக்கு வெளிச்சத்தில் அவர் ஏலக்காய் பார்ப்பதே இல்லை. பல்பு பொய் சொல்லும் என்பார். பொழுது சாய்ந்த பிறகு வருகிற சரக்கு மறுநாள் காலை வரை காத்துக்கிடக்கும். இது போடியில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய ஒரே மகள் சுகிர்தம் கடலைப் பற்றிப் படித்துவிட்டு மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போனாள். அங்கே ஆராய்ச்சிப் படகுக்கு எஞ்சின் ஓட்டுகிற பேச்சிமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஜெயமங்கலத்துக்காரன், விவசாயக் குடும்பம், சபைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்த கல்யாணத்துக்கு ஞானசிகாமணி போகவில்லை. சண்டையும் போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். தாயார் ஜெபராணி மட்டும் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மண்டபத்திலிருந்து, ஆபரேட்டர் இணைத்துத் தருகிற, மூன்று நிமிடக் கணக்கில் ஓடுகிற டிரங்க் கால் வரும். தாயும் மகளும் பேசுவார்கள். ஞானசிகாமணி அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். ஒரு பக்கத்தையும் புரட்டமாட்டார்.

3

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு கிறிஸ்துமசுக்குச் சுகிர்தம் தனியாக வந்தாள். ஒரு கண்ணாடித் தொட்டியும், மூடிய கேன்களில் கடல்தண்ணீரும், ஒரு வாளியில் மூன்று உயிர்களும் கொண்டுவந்தாள். இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள். மூன்றாவது, ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த கடல் சாமந்தி.

(இதைப் பார்த்திராதவர்களுக்கு: பெயர்தான் பூ. ஆள் விலங்கு. விரல்விரலாக நீண்ட இதழ்களை ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கும். அந்த விரல்கள் மற்ற மீனைக் கொட்டும். இந்த ஆரஞ்சு மீன்களை மட்டும் கொட்டாது. அவை அதற்குள்ளேயே விளையாடி அதற்குள்ளேயே படுத்துத் தூங்கும். நல்ல நிலையில் இருக்கிற கடல் சாமந்தி தேன் கலந்த பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு அதன் சொந்த நிறமில்லை. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியின் நிறம். பாசி வெளிச்சத்தில் சமைத்து வீட்டுக்காரருக்கும் பரிமாறும். அதனால் இதற்குச் சாப்பாட்டில் பாதி வெளிச்சம்தான். இதை மறந்துவிடாதீர்கள், கதைக்கு வேண்டும்.)

குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் கூரை வேலை நடக்கிறது, ஈஸ்டருக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். கடலோரத்தில் இருக்கிறவள் கடல் பிராணியை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதற்கு இது ஒரு காரணமா? இல்லை. எனக்கே தெரிகிறது. எழுதியதைப் படித்துப் பார்த்த நண்பர் இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார். நான் மாற்றவில்லை. காரணம் நொண்டி என்பது சுகிர்தத்துக்கும் தெரியும். அப்பா தன்னிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டாக வேண்டிய நிலைமையை அவள் உண்டாக்கப் பார்க்கிறாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு, தீனி எப்போது, எதையாவது.

ஞானசிகாமணி கேட்கவில்லை. ஜெபராணியைக் கேட்கச் சொன்னார்.

ஆனால் பார்த்துக்கொண்டார். வாரம் ஒருமுறை ராமேசுவரத்திலிருந்து போடிச் சந்தைக்கு வருகிற கருவாட்டு லாரியில் இரண்டு கேன் கடல்தண்ணீர் வர ஏற்பாடு செய்தார். டிரைவர் ராக்கப்பன் கடை ஆளைப் பிடித்துக் கேட்டேவிட்டான், ஏலக்காய்க்காரருக்கு உப்புத்தண்ணி எதுக்கு என்று. மலைக் குளிருக்குக் கால் ஊற வைக்க என்று பதில் வந்தது. ஜெபராணி இறாலைப் பொடியாக நறுக்கித் தர, இவர் குச்சியில் குத்தி நீட்டுவார். கடல் சாமந்தி விரல்களை மெல்ல மூடி வாங்கிக்கொள்ளும். யாரும் இல்லாதபோது அதனிடம் இரண்டொரு வார்த்தை பேசுவார் என்று எழுதியிருந்தேன்.

[பேசமாட்டார். அந்த ஆள் மகளிடமே பேசாதவர். எடுத்துவிட்டேன்.]

பொங்கல் முடிந்த வாரம் போடியில் கரண்டு ஏறி இறங்கி விளையாடியதில், சுகிர்தம் தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டுப் போன விளக்கு சோக்கோடு வெந்துபோனது. சாதாரண டியூப்லைட்டை மாட்டிப் பார்த்தார். கடல் சாமந்தி நாளுக்கு நாள் சுருங்கியது.

இப்போது இந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு மகள் வந்து தொட்டி முன்னால் நிற்கும்போது அது உயிரோடு, விரிந்து, கொடுத்தது போலவே இருக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அது சொல்லிவிடும். இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடக்கிற எல்லாவற்றையும் ஒரு கடல் பிராணியின் தலையில் ஏற்றிவிட்டார். பேசத் தெரியாத ஆண்கள் இப்படித்தான் செய்வார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

4

தேனி பஜாரில் சண்முகராஜ் என்று ஒருவர் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். ஓட்டல் முகப்பில் இருந்த கடல்நீர்த் தொட்டியை எடுத்தபோது அதன் விளக்குகள் இரண்டை மேனேஜர் இவரிடம் தந்திருந்தார். ஒன்று தொட்டிக்கு மேலே வருடக்கணக்கில் எரிந்தது. மற்றது அதற்கு மாற்றாக வாங்கி, கொஞ்ச நாள் மட்டும் எரித்துவிட்டு ஸ்டோரில் போட்டது. எது எது என்று மேனேஜர் சீட்டு ஒட்டித்தான் தந்தார். பம்பாயில் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியபோது சீட்டு போய்விட்டது. சண்முகராஜ் இதை மறைக்கவில்லை. லிஃப்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மீன் விளக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இரண்டையும் சேர்த்தும் தர முடியாது. தேனியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் குருசாமி ஒன்றுக்கு ஏற்கெனவே அச்சாரம் தந்திருந்தார். எதுவானாலும் சரி என்று சொல்லியிருந்தார். முதலில் எடுக்கும் உரிமை ஞானசிகாமணிக்கு.

(விலையை எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு பழைய சாமானுக்கு விலை பேசுவதை எழுத ஆரம்பித்தால் கதை வேறு எங்கேயும் போகாது.)

ஓட்டல்காரர்கள் எரித்த விளக்கு என்றால் அதை எப்படிச் சோதிப்பது? உத்தமபாளையத்து அதிகாரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் இங்கே ஞானசிகாமணியைச் செய்ய வைத்தேன். அவர் என்னைவிட நன்றாகவே செய்தார். பழைய சாமான் வாங்கிப் பழகிய கை.

எரிய விடுவதற்கு முன்பே கவிழ்த்துப் பார்த்தார். கடல்தண்ணீருக்கு மேலே தொங்கிய விளக்கில் உப்பு ஏறும். திருகாணிகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். இரண்டிலும் இருந்தது. ஸ்டோர் அறை உப்புத்தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் என்பதால் அங்கே சும்மா கிடந்த விளக்கும் துருப்பிடித்திருந்தது. அதனால் துருவை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. உள்தகட்டை வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார், இரண்டும் மங்கல்தான். பிறகு போடச் சொன்னார். சோக்கில் காதை வைத்துக் கேட்டார். முனகினால் பரவாயில்லை, உறுமினால் ஆகாது. இரண்டும் முனகின. சூடு ஏறி நிற்கும் வரை ஒரு காப்பி வரவழைத்துக் குடித்தார். எதுவும் துடிக்கவில்லை, அணையவில்லை. எத்தனை மணி நேரம் எரிப்பார்கள், ஏன் எடுத்தார்கள் என்று சரியான கேள்விகளைக் கேட்டார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதன் கீழே என்ன வளர்ந்தது, எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது. அதைப் பார்க்க வழியில்லை. அந்த ஓட்டல் மீன்கள் கடலுக்கு அந்தப் பக்கம்.

அப்போதுதான் ஞானசிகாமணி சட்டைப் பையில் கையை விட்டார்.

போடி வியாபாரிகள் பையில் பேனா இல்லாவிட்டாலும் நாலு ஏலக்காய் இருக்கும். அதை உள்ளங்கையில் போட்டுத் தெருவுக்குப் போய்ப் பகலில் ஒருமுறை பார்த்தார். உள்ளே வந்து முதல் விளக்கின் கீழ் நீட்டினார். முகம் சுளித்தது. அந்த வெளிச்சத்தில் நீலம் அதிகம். ஏலக்காய் சாம்பல் பூத்து, செத்த பொருளாகக் கிடந்தது. இரண்டாவது விளக்கின் கீழ் நீட்டினார். தெருவில் பார்த்த அதே பச்சை. மறுபடி தெருவுக்குப் போனார், வந்தார். அதே பச்சை. தன் வாழ்நாளில் ஏலக்காயைப் பொய் சொல்லாமல் காட்டிய ஒரு விளக்கை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். குரலே மாறிவிட்டது.

“இதான்யா நெசம் பேசுற வெளக்கு. இதக் கட்டு.”

“அண்ணாச்சி கண்ணு பாத்ததுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல,” என்று சண்முகராஜ் அதைக் கட்டத் தொடங்கினார்.

[அப்போது குமுளியிலிருந்து சாமான் வாங்க வந்திருந்த ஒரு மலையாளி கடைக்குள் நுழைந்து, ஐயோ சேட்டா, அதல்ல—]

வேண்டாம். எழுதிவிட்டுத்தான் நிறுத்தினேன். எனக்கும் அந்த மனிதரைத் தடுக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் சரியான நேரத்தில் உள்ளே வந்து எல்லாம் தெரிந்தவராகப் பேசுகிற ஆட்களைக் கதையில் பார்த்தால் எனக்கு ஆகாது. அவர்கள் வாழ்க்கையில் வருவதில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கடலுக்குள் இறங்க இறங்க மற்ற நிறங்கள் எல்லாம் நின்றுவிடும், நீலம் மட்டும் கீழே வரை போகும். கடல் சாமந்திக்குள் இருக்கிற பாசி அந்த நீலத்தில் சமைத்துப் பழகியது. அதனால் இந்த வகை விளக்கை நீலம் தூக்கலாகத்தான் செய்வார்கள். எரிய எரிய அந்த நீலம்தான் முதலில் சாகும். மஞ்சள் ஏறும். நம் கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே இருக்கும், இன்னும் இதமாகக்கூட இருக்கும். ஏலக்காய் பகலில் தெரிவதைப் போலத் தெரியும். அவர் கட்டச் சொன்னது வருடக்கணக்கில் எரிந்து ஓய்ந்த விளக்கை.

குருடன் ஒருவன் எடுத்திருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். இவர் கண் நல்ல கண் என்பதால்தான் தப்பாமல் தப்பானதை எடுத்தார்.

(இந்த இடத்தில் ஓர் உவமை வாசலில் வந்து நிற்கிறது. பேச்சிமுத்துவை ஞானசிகாமணி எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் என்று கேட்கச் சொல்லிக் கதவைத் தட்டுகிறது. நான் திறக்கப்போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

5

விளக்கு வந்ததும் முன்னறையே அழகாகிவிட்டது. ஞானசிகாமணி பொழுது சாய்ந்த பிறகு வருகிற சரக்கைக்கூடத் தொட்டி முன்னால் கொண்டுவந்து பார்க்க ஆரம்பித்தார். பஜாரில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

கடல் சாமந்தி அந்த வெளிச்சத்தில் நிறம் மாறத் தொடங்கியது. பழுப்பு வெளுத்துத் தந்தமாகி, மாசிக் கடைசியில் தும்பைப்பூ வெள்ளையாகிவிட்டது. வீட்டில் யாரும் பயப்படவில்லை. ஏன் பயப்பட வேண்டும்? அது அவ்வளவு அழகாக இருந்தது. குருவானவரின் மனைவி கிருபாவதி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, அழுக்கெல்லாம் போய் ஞானஸ்நானம் எடுத்த மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறு சபையிலிருந்து ஐந்தாறு பேர் பார்க்க வந்தார்கள். ஞானசிகாமணி அடக்கமாக நின்றுகொண்டார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை பொங்கியது. மகள் பழுப்பாகத் தந்ததை இவர் வெள்ளையாக்கித் திருப்பித் தரப்போகிறார்.

அது பட்டினி கிடந்தது. உள்ளே சமைத்துப் போட்ட பாசி செத்தோ வெளியேறியோ போய்விட்டது. இறால் துணுக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

[இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன். ஒரு ஜீவன் சாவதைச் சுற்றி நின்று எல்லோரும் அழகு அழகு என்று சொல்வதை வேடிக்கையாக எழுதுவதா, துக்கமாக எழுதுவதா? தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறேன்.]

குருசாமியின் ஸ்டூடியோவில் வேறு கூத்து நடந்தது. மற்ற விளக்கை வைத்து அவர் எடுத்த கலர் படங்களில் எல்லோரும் நீலம். அனுமந்தன்பட்டிக் கல்யாண வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் கேட்டது தேனி பஜார் முழுக்கப் பரவியது.

“பொண்ண ராதையாத்தானய்யா கூட்டியாந்தோம். நீரு கிருஷ்ணராத் திருப்பித் தாரீரு.”

குருசாமி அதைச் சண்முகராஜிடம் சொல்லி அழ, சண்முகராஜ் ஒரு சனிக்கிழமை போடிக்கு வந்தவர் ஞானசிகாமணியிடம் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி தப்பித்தீர்கள், அந்தச் சனியனை எடுத்திருந்தால் உங்கள் ஏலக்காயெல்லாம் நாவல்பழமாகியிருக்கும் என்றார். ஞானசிகாமணியும் சிரித்தார். அன்று இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். அதை அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

6

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் டிரங்க் கால் வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெபராணி ரிசீவரை எடுத்தார். ஞானசிகாமணி செய்தித்தாளை எடுத்தார்.

ஈஸ்டருக்கு இருவருமாக வருவது பற்றி, கூரை வேலை பற்றி ஏதோ பேசினார்கள். பிறகு ஜெபராணி, கணவருக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தி, உன் பூச்செடி இப்போது வெள்ளை வெளேரென்று என்ன அழகாக ஆகிவிட்டது தெரியுமா, ஊரே வந்து பார்க்கிறது என்றார்.

லைன் போய்விட்டதோ என்று ஜெபராணி இரண்டு முறை ஹலோ சொன்னார். பிறகு சுகிர்தம் ஏதோ கேட்டாள். ஜெபராணி ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“ஏங்க, வெளக்கு நீலமா எரியுதான்னு கேக்குறா.”

ஞானசிகாமணி செய்தித்தாளை மடித்தார். நேற்றுச் சிரித்த சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நீல மணப்பெண், சாம்பல் பூத்த ஏலக்காய், தெருவுக்கும் கடைக்கும் இரண்டு முறை நடந்தது. கணக்குப் போடத் தெரிந்த மனிதர். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுந்து வந்து கையை நீட்டினார். ஜெபராணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரிசீவரைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் மகளிடம் சொல்லும் முதல் வாக்கியம். இதற்கு நான் எத்தனையோ எழுதிப் பார்த்தேன். “நல்லா இருக்கியா?” [எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.] “என்னை மன்னிச்சிரு—” [இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டார்.] கடைசியில் அவருக்கு எது வருமோ அதை விட்டுவிட்டேன்.

“நீலமா எரியலம்மா. ஏலக்காய வச்சுப் பாத்து எடுத்தேன். தப்பான வெளக்க எடுத்துட்டேன்.”

சுகிர்தம் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. வேலையில் இருக்கிறவள் கேட்பதைப் போலக் கேட்டாள்.

“மீனு ரெண்டும் இன்னும் அதுக்குள்ளதானப்பா படுக்குது?”

மீன்கள் அதை விட்டு விலகிவிட்டால் அது முடிந்தது என்று பொருள். உள்ளேயே இருந்தால் இன்னும் நம்பிக்கை வைக்கலாம். ஞானசிகாமணிக்கு நினைவில்லை. இரண்டு வாரமாக அவர் தொட்டியைப் பார்க்கும்போது வெள்ளையைத்தான் பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை.

“பாக்கலயே,” என்றார்.

“போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் வைக்க மாட்டேன்.”

அவர் ரிசீவரை மேசைமேல் வைத்தார். முன்னறைப் பக்கம் நடந்தார்.

7

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில், அவர் அன்றே தேனிக்குப் போய் குருசாமியிடம் விளக்கை மாற்றிக்கொண்டு வருகிறார். குருசாமி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கொடுக்கிறார். ஈஸ்டருக்குள் கடல் சாமந்தி பழையபடி பழுப்பாகி விரிந்துவிடுகிறது. இதை எழுதி முடித்து, உத்தமபாளையத்து அதிகாரிக்குப் போன் செய்து கேட்டேன். மாற்றலாகிப் போன ஊரிலிருந்து அவர் சொன்னார், சார் அது தேற மாசக்கணக்கில் ஆகும், தேறினால். ஆகவே அந்த முடிவு பொய். விளக்கை மாற்றுவது மட்டும் நிச்சயம் நடக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதில் அது செத்திருக்கிறது. ஈஸ்டருக்கு மகளும் மருமகனும் வெறும் தொட்டி முன்னால் வந்து நிற்கிறார்கள். பேச்சிமுத்து முழங்கை வரை கையை விட்டுக் கல்லை எடுக்கிறான், மாமனார் வாளியைப் பிடிக்கிறார், அப்படியே இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிடுகிறது. இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஆண்கள் பேசிக்கொள்வதற்காக ஓர் உயிரைக் கொல்ல வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தேன்.

மூன்றாவதை என் மனைவியே சொன்னாள். செத்திருந்தால் அந்தப் பெண் வேறொன்று கொண்டுவந்து வைப்பாள், கடலில் இல்லாததா என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டது இதைத்தான், வேறொன்றை அல்ல.

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஞானசிகாமணி முன்னறைக்குப் போய்த் தொட்டி முன்னால் குனிந்துவிட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன், எட்டிப் பார்த்தால் தெரியும். பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நீங்கள் பாருங்கள். விளக்கைப் பார்க்க வேண்டாம், அதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். அதன் கீழே பாருங்கள். ஆரஞ்சு நிறமாக இரண்டு ஏதாவது அசைகிறதா, எங்கே அசைகிறது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன். ரிசீவர் மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை, ஜெபராணியும் கணவருக்குப் பின்னால் போய்விட்டார். நேரமாகிவிட்டதால் டிரங்க் ஆபரேட்டர் குறுக்கே வந்து, மூணு நிமிஷம் முடிஞ்சது, எதிர்ப் பக்கம் ஆளே இல்லையே, லைனை எடுத்துரட்டுமா என்று கேட்கிறார். அது எனக்குக் கேட்கிறது.

“நீட்டிச்சு விடுங்க,” என்கிறாள் சுகிர்தம். “அப்பா பாக்கப் போயிருக்காக.”